கைக்காசும் உலகச் செய்தியும்

தமிழில் கைக்காசைப் போட்டு இதழ் நடத்தியவர்களின் வரலாற்றை யாரேனும் முழுமையாக எழுதப் புகுந்தால், அது பாதி இலக்கிய வரலாறாகவும் பாதி கடன் வரலாறாகவும் அமையும் என்று நாங்கள் எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்களைக் கொண்டுவந்தார். புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். எண்பது வயதைக் கடந்த பின்னரும் 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே வெளியிட்டார். 2001ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தபோது அவர் உயிரோடில்லை. அவருக்கும் முன்னர், 1930களில், ம. சிங்காரவேலர் 'குடி அரசு' பக்கங்களிலும் தாம் நடத்திய 'புதுவுலகம்' இதழிலும் அறிவியலையும் உலகப் பொருளாதாரத்தையும் சாதாரண மக்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் தலைமுறைக்கு நெருக்கமானவர்கள் என்றால் நெடுஞ்செழியனும் அவருடைய தோழர்களும். 'பூவுலகின் நண்பர்கள்' என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட சிறு நூல்கள் வழியேதான் ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' போன்றவை நம் உழவர்களின் கைக்கு வந்துசேர்ந்தன. நெடுஞ்செழியன் 2006இல் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த பணி இன்றும் தொடர்கிறது.

இவர்களின் வரிசையில் எங்களைச் சேர்த்துக்கொள்ளும் துணிவு எங்களுக்கு இல்லை. எங்களுடையது இதழ் என்று சொல்லத்தக்கதுகூட அன்று. ஒரு பெரிய தாளை மடித்தால் நான்கு பக்கம், இரண்டு தாளை மடித்தால் எட்டுப் பக்கம், அவ்வளவே. கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட ஊர்களில் வசிக்கும் நால்வர் நாங்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் ரோலிங் மில் ஒன்றில் கணக்கு எழுதுபவர். ஒருவர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர். நான்காமவர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அச்சிடுகிறோம். கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய வாசலிலும், சிப்காட் சாலையின் டீக்கடைகளிலும், கவரைப்பேட்டையில் ஒரு சலூனிலும் இலவசமாகக் கொடுக்கிறோம். செலவை நால்வரும் பங்கிட்டுக்கொள்கிறோம். நன்கொடை கேட்பதில்லை.

எழுதுவதெல்லாம் உலகப் பிரச்சினைகள். இதைக் கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. "ஊர்ல குடிதண்ணிப் பிரச்சினை ஆயிரம் இருக்கு, நீங்க ஆப்பிரிக்காவைப் பத்தி எழுதறீங்களா சார்?" என்று ஒரு டீக்கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் விடையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டி போன்ற ஊரில் உலகம் என்பது தொலைவில் உள்ள ஒன்றன்று. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நின்றால் போதும், அது லாரியில் ஏறி நம்மைக் கடந்து போகும். இங்குள்ள உலைகளில் உருகும் பழைய இரும்பில் ஒரு பகுதி கப்பலில் வந்தது. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்பட்டுப் பாராதீப் துறைமுகத்திலிருந்து கடல்வழி வருகிறது. எரிந்த பின் சாம்பலாகிக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிகிறது. உலைகளில் வேலை செய்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஊருக்குள்ளேயே 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழகத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று அது. 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாமில் பிறந்து வளர்ந்து, இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதுக்கு வந்துவிட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

2017இல் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குத் தப்பிச் சென்றதைப் பற்றியும், அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை என்பதைப் பற்றியும் ஒருமுறை எழுதினோம். முகாமைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அதை நின்ற இடத்திலேயே முழுவதும் வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஊரின்ட பேர்தான் வேற, தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. டீக்கடைக்காரருக்கு நாங்கள் சொல்ல நினைத்த விடையை அவர் நான்கே சொற்களில் சொல்லிவிட்டார்.

பழைய இரும்பைப் பற்றிய இதழுக்கு நாங்கள் எதிர்பாராத வரவேற்பு இருந்தது. 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் இரும்பாலையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்கிராப்பில் கலந்திருந்த வெடிக்காத குண்டுகள் வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். எங்கோ நடந்த போரின் மிச்சம் அந்த உலைக்கு வந்து சேர்ந்திருந்தது. 2008இல் பிரான்சில் மின்தூக்கிகளின் பொத்தான்களில் கோபால்ட்-60 கதிர்வீச்சு கண்டறியப்பட்டபோது, அவற்றின் எஃகு இந்தியாவிலிருந்து போனதாகத் தெரியவந்தது. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய கருவியிலிருந்த அதே கோபால்ட்-60ஐ அறியாமல் கையாண்டதால் ஒருவர் உயிரிழந்தார், பலர் நோயுற்றனர். இந்த மூன்று செய்திகளையும் எழுதி, கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறியான மூன்று இதழ் வடிவத்தைப் பெரிதாக அச்சிட்டு, "இந்தக் குறி உள்ள பொருளையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் மூடிய உலோக உருளையையோ கண்டால் வெட்டாதீர்கள், தொடாதீர்கள், விலகி நின்று மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்" என்று கீழே போட்டோம். உலையில் ஸ்கிராப் பிரிக்கும் தொழிலாளி ஒருவர் பத்துப் படி கூடுதலாகக் கேட்டு வாங்கிப் போனார். எங்கள் வாழ்வில் யாரும் எங்கள் எழுத்தைப் பத்துப் படி கேட்டதில்லை.

இவ்வளவும் முன்கதை. சொல்ல வந்த விஷயம் ஈயத்தைப் பற்றியது.

பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்தியது. ஈயத்தின் கதை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் வீட்டு இன்வெர்ட்டருக்குள்ளும் ஆட்டோவுக்குள்ளும் லாரிக்குள்ளும் உள்ள பேட்டரியில் ஈயம் இருக்கிறது. பேட்டரி செத்த பின் அதை உடைத்து, ஈயத்தை உருக்கி, மறுபடியும் பேட்டரிக்கே அனுப்புகிறார்கள். முறையாகச் செய்தால் நல்ல தொழில். மண்ணிலிருந்து புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை. முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் செனகல் நாட்டில் டக்கார் நகரின் புறநகரான தியாரோய்-சுர்-மேர் சாட்சி. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்த இடத்தின் மண்ணில் ஈயம் நிறைந்து கிடந்தது. ஈயத்தின் விலை ஏறியபோது மக்கள் அந்த மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கி விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

இரத்தப் பரிசோதனைக் கூட நண்பர்தான் இதை எழுதினார். இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதையும், வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களின் உடலைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது என்பதையும் எளிய தமிழில் சொல்லியிருந்தார். கடைசிப் பத்தியில் இங்கே வந்து சேர்ந்தார். நம் பகுதியிலும் ஈயம் உருக்கும் தொழிற்கூடங்கள் உள்ளன. அங்கே பணிபுரிபவர்கள் வேலை உடையோடு வீடு திரும்ப வேண்டாம். ஆலையிலேயே குளித்து உடை மாற்றுங்கள். வேலை செய்யும் இடத்தில் சாப்பிடாதீர்கள், பீடி பிடிக்காதீர்கள். உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். குழந்தையைத் தூக்குமுன் கை முகம் கழுவுங்கள். இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அவ்வளவுதான் எழுதியிருந்தார். எந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை.

அந்த இதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பாக ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தொழிலதிபர், நல்ல வாசகர், எங்கள் தாள்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருப்பவர். ஓராண்டு அச்சுச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். விளம்பரம் வேண்டாம், பெயர்கூட வேண்டாம் என்றார். எட்டுப் பக்கம், இரண்டாயிரம் படிகள், வண்ண அட்டை. அன்று இரவு நாங்கள் நால்வரும் உண்மையாகவே மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறுநாள் மெய்ப்புப் படியை அவருக்குக் காட்டினோம். முழுவதையும் நிதானமாகப் படித்தவர் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "டக்காரைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்க தம்பி. பக்கம் பத்தலைன்னா இன்னும் நாலு பக்கம் போட்டுக்கலாம். இங்க உள்ளதை எதுக்கு?"

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எங்களால் இயலாது. தியாரோய் குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்தோம். அது நடிப்பன்று. தொலைவிலுள்ள துயரத்துக்கு இரங்குவதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தத் துயரம் மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி தாண்டி நம் தெருவுக்குள் நுழையும்போதுதான் அவருக்கு அச்சம் வந்தது. பக்கத்து ஆலைக்காரர் அவருடைய உறவினராக இருக்கலாம், வாடிக்கையாளராக இருக்கலாம். காசு கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் எல்லைக் கோடு எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

எங்களுக்குள் இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஆசிரியர் நண்பரின் வாதம் வலுவானது. "ஒரு பத்தியை விட்டால் இரண்டாயிரம் பேருக்குப் போகும். விடாவிட்டால் ஐந்நூறு பேருக்கு. அந்த ஒரு பத்தியை வாயால் சொல்லிக்கொள்ளலாமே?" என்றார். கணக்கு எழுதும் நண்பரும் ஏறக்குறைய அவர் பக்கம்தான். காண்ட்ராக்ட் தொழிலாளியான நண்பர் கடைசிவரை பேசவில்லை. பிறகு, "அந்தப் பத்தி இல்லாட்டி இதை நான் எங்க ஆளுங்களுக்குக் கொடுக்க மாட்டேன். செனகல்ல குழந்தை செத்துச்சுன்னு மட்டும் சொன்னா, பாவம்னு சொல்லிட்டு அதே சட்டையோட வீட்டுக்குப் போவான்" என்றார். விவாதம் அதோடு முடிந்தது.

இதை எண்ணும்போதெல்லாம் கடலூர் நினைவுக்கு வருகிறது. 1995இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஆலைகளை ஒட்டி வாழும் மக்கள் தாங்களே காற்றின் மாதிரியை எடுப்பதற்காக, சாதாரணப் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி எளிய கருவி ஒன்று உருவாக்கப்பட்டது. அதுவரை 'நாற்றம் அடிக்கிறது' என்று மட்டுமே சொல்ல முடிந்தவர்கள், காற்றில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த வாளி கடலூர் சிப்காட்டுக்கு வந்தது. 2004இல் அங்குள்ள கிராமத்தார் தங்கள் ஊர்க் காற்றைத் தாங்களே பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுகளை அறிக்கையாக வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவின் கதையைக் கடலூரில் வெறும் செய்தியாகச் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அது வாளியாக வந்ததால் பயன்பட்டது.

எங்களுக்கு இன்னும் அருகில், எண்ணூரில், கழிமுகத்தைச் சாம்பலும் கட்டுமானங்களும் விழுங்குவதைப் பற்றி மீனவர்களும் தன்னார்வலர்களும் ஆண்டுக்கணக்கில் மனு எழுதியும் நடந்தும் சொல்லி வந்தார்கள். 2017 ஜனவரியில் 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதியதை டி.எம். கிருஷ்ணா அந்தச் சாம்பல் மேட்டில் நின்றே பாடினார். எண்ணூர் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களுக்கும் அதன் பெயர் போய்ச் சேர்ந்தது. அந்த இடத்தில் நின்று சொன்னதால்தான் அதற்கு அந்த வலிமை வந்தது என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே தொழிலதிபருக்கு நன்றி சொல்லி, பத்தியை அப்படியே விட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றும் எங்கள் தாளை வாங்கிப் படிக்கிறார். நாங்களோ எட்டுப் பக்கத்திலிருந்து நான்கு பக்கத்துக்கு வந்துவிட்டோம், வண்ண அட்டை என்ற பேச்சே பிறகு எழவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைக்காசு என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த நாளில், எங்களுள் ஒருவரின் மனைவி அமைதியாகக் கேட்டார்: "யாரு கைக்காசு?" மாதம் ஆளுக்கு எழுநூறு ரூபாய் என்பது ஆசிரியருக்குப் பொருட்டன்று. காண்ட்ராக்ட் தொழிலாளியின் வீட்டில் அது ஒரு வாரத்துப் பால் காய்கறி. அதைத் தருவது அந்தக் குடும்பம் முழுவதும். இதழில் பெயர் வருவது (வருமானால்) ஒருவருக்கு மட்டும். சிற்றிதழ்களின் வரலாற்றில் இந்தக் கேள்வி அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. அன்று முதல் ஆளுக்குச் சமபங்கு என்பதை மாற்றி, அவரவர் வருமானத்துக்கேற்பப் பங்கு என்று வைத்தோம். காண்ட்ராக்ட் நண்பர் பணம் தருவதில்லை. தொழிற்பேட்டைக்குள் தாளைக் கொண்டு சேர்ப்பதே அவர் பங்கு. கணக்கை ஒவ்வொரு இதழின் கடைசி வரியிலும் அச்சிடுகிறோம். கேள்வி கேட்டவர் இப்போது மெய்ப்புத் திருத்துகிறார். ஒற்றுப் பிழைகளில் அவர் கண்ணுக்குத் தப்புவது அரிது.

ஈய இதழ் வெளிவந்து சில வாரங்களுக்குப் பின் அந்த நண்பரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லச் சான்று எதுவும் இல்லை. ஆகவே நாங்கள் அப்படி எழுதவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவருக்கு இரண்டு மாதம் வேலை இல்லாதிருந்தது. அந்த இரண்டு மாதமும் இதழை நிறுத்திவிட்டு, அச்சுக்கு வைத்திருந்த தொகையை அவர் வீட்டுக்குக் கொடுத்தோம். முதலில் மறுத்தார். "இது இதழ்ச் செலவுதான், கணக்கில் எழுதியாகிவிட்டது" என்று கணக்கு நண்பர் சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார். வெளியார் பணத்தில் நடத்தியிருந்தால் எங்களுக்கு இந்த உரிமை இருந்திருக்குமா என்பது ஐயமே.

அவருக்கு வேறிடத்தில் வேலை கிடைத்தபின் இதழ் மீண்டும் வந்தது. புதிய இடத்தில் அவரோடு வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பீகார்க்காரர்கள். ஒருநாள் அவர்களுள் ஓர் இளைஞர் ஈய இதழின் பழைய படியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, கைகழுவும் படத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நண்பர் தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சட்டையைத் தொட்டுக் காட்டி, குழந்தையைத் தூக்குவது போல் செய்து காட்டி விளக்கியிருக்கிறார். "இது எங்க மொழில இல்லையா அண்ணா?" என்பதுதான் அந்த இளைஞரின் அடுத்த கேள்வி.

உலகத்தைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அதே தெருவில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் அந்த உலைகளின் முன்னால் நிற்கிறார்கள். அடுத்த இதழிலிருந்து நான்காம் பக்கத்தின் கீழ்ப்பாதி இந்தியில் வருகிறது. ஆசிரியர் நண்பரின் பள்ளியில் படிக்கும் பீகார்ச் சிறுமி ஒருத்தி, வீட்டில் தன் தந்தைக்குப் படித்துக் காட்டி, எந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை என்று வந்து சொல்கிறாள். அந்தச் சொல்லை மாற்றுகிறோம்.

வரும் இதழ் வெப்ப அலையைப் பற்றியது. உலகம் சூடாவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியாயிற்று. கடைசிப் பத்தி உலை முன் எட்டு மணி நேரம் நிற்பவர் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், எப்போது நிழலில் உட்கார வேண்டும், அதற்கு இடைவேளை தரச்சொல்லி யாரிடம் கேட்க வேண்டும் என்பதாக இருக்கும். ஐந்நூறு படிகள், நான்கு பக்கம், கறுப்பு வெள்ளை. ரயில் நிலைய வாசலில் மாலை ஷிப்ட் விடும் நேரத்துக்கு வந்தால் கிடைக்கும்.